மரவள்ளிக்குக் காவல் வந்த குளவி: சந்தேகங்களும் விளக்கங்களும்

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளி போட்டவர்களுக்கு 2020-21ஆம் ஆண்டுகள் எளிதில் மறக்காது. செடியின் கொழுந்து வளராமல் முட்டைக்கோசு போலச் சுருண்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு எதிராக ஒரு வெளிநாட்டுக் குளவியை விட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது அது. அந்தச் செய்தியோடு சந்தேகங்களும் பரவின. 'வெளிநாட்டுப் பூச்சிக்கு வெளிநாட்டுப் பூச்சியே மருந்தா?' என்பது அவற்றில் முதலாவது. பலரும் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான விளக்கங்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

மாவுப்பூச்சி நமக்குப் புதிதா என்ன? எப்போதும் இருப்பதுதானே?

மாவுப்பூச்சி என்பது ஒரே பூச்சியின் பெயர் இல்லை, அது ஒரு பெரிய குடும்பம். பருத்தியில் வருவது வேறு, பப்பாளியில் வருவது வேறு. மரவள்ளிக் கொழுந்தைச் சுருட்டும் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி. இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 2020 ஏப்ரலில், கேரளத்தின் திருச்சூரில். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. ஊருக்கு ஊர் விதைக்குச்சி வாங்கி நடும் பயிர் இது. குச்சியோடு பூச்சியும் ஊர் மாறிவிடும்.

இந்த இனத்தில் இருப்பவை எல்லாம் பெண் பூச்சிகள். இணை தேடாமலே ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மழை குறைந்த மாதங்களில் இதன் பெருக்கம் உச்சத்துக்குப் போகும்.

மருந்து அடித்தால் போகாதா?

போகும், ஆனால் திரும்பி வரும். உடம்பைச் சுற்றி மெழுகுப் பூச்சு, அதைச் சுற்றிச் சுருண்ட இலை என்று இரட்டைக் கவசத்துக்குள் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. தெளிக்கும் மருந்தில் பெரும்பகுதி அதன் மேல் படுவதே இல்லை. மரவள்ளி எட்டு, பத்து மாதம் வயலில் நிற்கும் பயிர். அத்தனை மாதமும் தெளித்துக்கொண்டே இருந்தால் கிழங்கு விற்ற காசு மருந்துக் கடைக்கே போய்விடும். பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டு போன்றவற்றை அதே மருந்து முதலில் கொன்றுவிடுகிறது என்பது அடுத்த நஷ்டம்.

அதற்காக ஆப்பிரிக்காவுக்கா போக வேண்டும்?

போகத்தான் வேண்டியிருந்தது. காரணம் சொல்ல ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. நாடுகள் சேர்ந்து செய்யும் வேளாண் ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள். நானூறு ஆண்டுகளில் அது அந்தக் கண்டத்தின் அடிப்படைச் சோறாகவே ஆகிவிட்டது. நைஜீரியாவில் காரி மாவு, காங்கோவில் ஃபுஃபு, அதோடு இலையையும் கீரையாகக் கடைந்து உண்பது வழக்கம். 1973ஆம் ஆண்டில், இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் நாட்டின் தலைநகர் கின்ஷாசாவைச் சுற்றி இந்த மாவுப்பூச்சி தென்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நடவுக் குச்சிகளோடு வந்திருக்க வேண்டும். பூச்சி வந்தது, அதைக் கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகள் கூட வரவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் செனகல் முதல் மொசாம்பிக் வரை மரவள்ளி வயல்கள் மொட்டையாகத் தொடங்கின. அந்தப் பயிரை நம்பி வாழ்ந்தவர்கள் சுமார் 20 கோடிப் பேர்.

நைஜீரியாவின் இபாதான் நகரில் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனம் இருக்கிறது. 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் என்ற இளம் பூச்சியியலாளர் 1979இல் அங்கே வந்து சேர்ந்தார். அவருடைய வாதம் எளிமையானது. இந்தப் பூச்சி பிறந்த மண்ணில் அது தொல்லையாக இல்லை என்றால், அங்கே ஏதோ ஒன்று அதை அடக்கி வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

சொல்வது எளிது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடியபோது கிடைத்தது பார்க்க அதே மாதிரி இருந்த வேறு இனம். அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சீந்தவே இல்லை. (அந்த இனத்துக்குப் பின்னாளில் ஹெரனின் பெயரையே வைத்தார்கள். தேடியது கிடைக்காதவருக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு!) கடைசியில் 1981இல், கொலம்பியாவில் இருந்த இன்னொரு சர்வதேச ஆராய்ச்சி மையத்தின் அந்தோனி பெல்லோட்டி, பராகுவே நாட்டில் உண்மையான பூச்சியைக் கண்டார். அங்கே அதன் உடம்பில் முட்டையிட்டு வாழும் சிறு குளவியும் இருந்தது. அனாகைரஸ் லோபெசி என்பது அதன் இன்றைய பெயர்.

பராகுவேயிலிருந்து குளவி நேராக ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. மரவள்ளி விளையாத லண்டனுக்குப் போனது. அங்கே காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தனிமைக் கூடத்தில் வளர்த்துப் பரிசோதித்தார்கள். தப்பித்தவறி ஒன்று வெளியே பறந்துவிட்டாலும் அங்கே அது பிழைக்க வழியில்லை. சோதனை முடிந்து 1981இலேயே நைஜீரிய வயலில் முதல் முறை விடப்பட்டது. பிறகு சாலை இல்லாத பகுதிகளுக்குச் சிறு விமானத்திலிருந்தும் தூவினார்கள். 1990 வாக்கில் 20க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் குளவி நிலையாகக் குடியேறியிருந்தது. மாவுப்பூச்சியின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

இபாதான் நிறுவனம் பிறகு பெனினில் உயிரியல் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு மையம் அமைத்து, குளவியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தது. 2008இல் தாய்லாந்தில் மாவுப்பூச்சி தென்பட்டபோது உதவிக்கு வந்தது இந்தச் சேமிப்புதான். 2009இல் பெனினிலிருந்து 500 குளவிகள் போயின. அவற்றைப் பெருக்கி நாடெங்கும் விட்டார்கள். பூச்சியும் வறட்சியும் சேர்ந்து 2009இல் சுமார் 3 கோடி டன்னாக இருந்த தாய்லாந்து மரவள்ளி விளைச்சலை அடுத்த ஆண்டு 2.2 கோடி டன்னாகக் குறைத்திருந்தன. 2012இல் அது மீண்டும் ஏறத்தாழப் பழைய அளவைத் தொட்டது. அதே வழியில்தான் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனினிலிருந்து குளவியை வரவழைத்தது. பராகுவே, லண்டன், நைஜீரியா, பெனின், பெங்களூரு, ஏத்தாப்பூர் என்று வந்திருக்கிறது பாதை.

குளவி ஆட்களைக் கொட்டுமா?

கொட்டாது. உங்கள் மனதில் இருக்கும் குளவியை மறந்துவிடுங்கள். இதன் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. பெரும்பாலோர் கண்ணில் படவே படாது.

மாவுப்பூச்சி தீர்ந்த பிறகு இந்தக் குளவி எதைத் தின்னும்? நம் பயிர் மேல் பாய்ந்தால்?

இது நியாயமான பயம். கேலி செய்து ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. 1935இல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து பெருந்தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேரை வண்டைத் தொடவில்லை. கண்டதையெல்லாம் தின்று, தன்னைத் தின்ன வந்த விலங்குகளையும் நஞ்சால் கொன்று, இன்று அதுவே பெரிய பீடையாகிவிட்டது.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். தேரை வாயில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் பிராணி. இந்தக் குளவிக்குச் செடி உணவே இல்லை. தாய்க் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் புதுக் குளவியாக வெளியே வரும். மாவுப்பூச்சி இல்லாவிட்டால் குளவிக்கு அடுத்த தலைமுறை இல்லை. பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், பூச்சி தலைதூக்கினால் அதுவும் பெருகும். ஆப்பிரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் நடந்துவருகிறது. இரண்டுமே அங்கே இன்னும் இருக்கின்றன. பூச்சியை அடியோடு ஒழிப்பது ஒருபோதும் நோக்கமாக இருந்ததில்லை.

இப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவது நமக்குப் புதிதும் அல்ல. 1929இல் நீலகிரியின் வாட்டில் மரங்களைத் தாக்கிய செதில் பூச்சிக்கு எதிராக ரோடோலியா பொறிவண்டு வந்தது. தென்னிந்தியாவில் ஏக்கர் கணக்கில் மண்டிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை 1920களில் அழித்தது இலங்கையிலிருந்து வந்த ஒரு சிறு செதில் பூச்சி. 2008இல் கோவை வட்டாரத்தில் தொடங்கிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது பலருக்கு நினைவிருக்கும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த மூன்று குளவி இனங்களில் ஒன்று அதை அடக்கியது.

சங்கடம் எழுந்த கதையும் ஒன்று உண்டு. பார்த்தீனியத்தை ஒழிக்க 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வண்டு, பிறகு சூரியகாந்தியில் காணப்பட்டதாகப் புகார் வந்தது. அரசு குழு அமைத்து ஆராய வேண்டியிருந்தது. சூரியகாந்திக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை என்று முடிவாயிற்று. ஆனாலும், விட்ட பிறகும் கண்காணிக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

இதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்?

எந்தக் கம்பெனிக்கும் இல்லை. அதனால்தான் எந்தக் கம்பெனியும் இதைச் செய்யவில்லை. பூச்சிமருந்தை ஆண்டுதோறும் விற்கலாம். குளவியை ஒருமுறை விட்டால் அது பக்கத்து வயலுக்கும் பக்கத்து நாட்டுக்கும் பில் போடாமல் பறந்துவிடும். இப்படிப்பட்ட வேலையைப் பொதுப்பணத்தில்தான் செய்ய முடியும். ஆப்பிரிக்கத் திட்டத்துக்கு ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமும் ஐரோப்பிய அரசுகள் சிலவும் பணம் கொடுத்தன. செலவான ஒரு டாலருக்கு 149 டாலர் நன்மை என்று 1988இல் ரிச்சர்ட் நோர்கார்ட் என்ற பொருளியல் அறிஞர் கணக்கிட்டார். பின்னாளில் வந்த கணக்குகள் அதைவிடவும் கூடுதலாகவே சொல்கின்றன.

பணம் கொடுப்பவர் கை ஓங்கும் என்ற குறை இந்தச் சர்வதேச நிறுவனங்கள் மேல் உண்டு. 1971இல் இவற்றை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்த கூட்டமைப்பில் இன்று உலக வங்கி, பணக்கார நாடுகள், கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவற்றின் நிதி பெரிய பங்கு. எந்தப் பயிரை ஆராய்வது என்பதில் அவர்கள் விருப்பம் நுழையாது என்று நம்புவது வெகுளித்தனம். இந்தியாவும் அதற்கு நிதி கொடுக்கிறது. கொடுக்கிற நாடு கேள்வியும் கேட்க வேண்டும்.

நம் நெல் ரகங்களை அள்ளிக்கொண்டு போனவர்கள்தானே இந்தச் சர்வதேச நிறுவனக்காரர்கள்?

இந்தக் கோபத்துக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. மத்திய இந்தியாவில் நெல் அறிவியலாளர் டாக்டர் ரிச்சாரியா திரட்டிய ஆயிரக்கணக்கான நெல் ரகங்கள் ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு பன்னாட்டு விதை நிறுவனம் போட இருந்த ஒப்பந்தம், மக்கள் எதிர்ப்பால் 2002இல் கைவிடப்பட்டது. எச்சரிக்கை தேவை என்பதற்கு இது போதும்.

ஆனால் 'அள்ளிக்கொண்டு போனார்கள்' என்று மட்டும் சொன்னால் கதை பாதிதான். நம் அப்பாக்கள் காலத்தில் ஊரெல்லாம் விளைந்த ஐ.ஆர். 20 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பம் பண்ணையின் ரகம் அது. குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணத்துக்காக அதை எடுத்தார்கள். நாம் கொடுத்தோம், வேறு நாடுகளின் நெல்லோடு கலந்து அது நமக்கே திரும்பி வந்தது. 1976இல் வந்த ஐ.ஆர். 36 நெல்லில் புல்குட்டை நோயைத் தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றிலிருந்து கிடைத்தது. ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்து அந்த ஒன்றில்தான் கண்டார்கள். கம்போடியாவில் போல் பாட் ஆட்சியில் உள்ளூர் ரகங்கள் அழிந்தபோது, பிலிப்பைன்ஸ் விதை வங்கியில் இருந்த அந்த நாட்டு நெல்களை 1980களில் திருப்பிக் கொடுத்ததும் இதே நிறுவனம்தான்.

அள்ளிப்போவதற்கு வேலி போடச் சட்டங்களும் வந்துவிட்டன. பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் உண்டு. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குளவியைக் கொடுத்த பராகுவேக்கு இந்த வெற்றியில் பணமாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. 1981இல் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. இன்றானால் கேட்டிருப்பார்கள், கேட்பதுதான் முறை.

பசுமைப் புரட்சிபோல இதுவும் மண்ணைக் கெடுக்குமா?

ஒப்பிடவே முடியாது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல் முழு விளைச்சல் தர உரமும் தண்ணீரும் கேட்டது, வாங்க முடிந்தவர் முந்தினார். இந்தக் குளவி விவசாயியிடம் எதையும் கேட்பதில்லை. ஆப்பிரிக்காவில் தன் வயலைக் காப்பாற்றியது எது என்றே தெரியாத விவசாயிகள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள்.

2020இல் வந்த பூச்சிக்கு 2022இல் குளவியா? ஏன் இவ்வளவு தாமதம்?

சில மாதங்கள் தவிர்க்க முடியாதவை. வெளிநாட்டு உயிரியைக் கொண்டுவர மத்திய தாவரப் பாதுகாப்பு ஆலோசகரின் அனுமதி வேண்டும். வந்ததும் பூட்டிய கூடத்தில் வளர்க்க வேண்டும். குளவியைத் தின்னும் வேறு ஒட்டுண்ணி உடன் வந்துவிட்டதா, நம் ஊரின் பிற பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடலாம். இந்தப் பகுதியில் அவசரப்படக் கூடாது, ஆஸ்திரேலியத் தேரையே சாட்சி. கொரோனா முடக்கமும் அந்த நாட்களில்தான் வந்தது.

என்றாலும் ஒரு கேள்வி நிற்கிறது. தாய்லாந்தில் 2008இலேயே பூச்சி வந்துவிட்டது. நமக்கும் ஒருநாள் வரும் என்று கணக்குப் போடப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அதற்குள் அனுமதிக்கான காகிதங்களையாவது தயாராக வைத்திருக்கலாம். இந்த விவகாரத்தில் குறை சொல்ல வேண்டிய இடம் இதுதான், குளவி எந்த நாட்டுக்காரன் என்பது அல்ல.

தேமல் நோயும் இதனால் தீருமா?

தீராது. தேமல் வைரஸ் நோய். வெள்ளை ஈயும் நோய்ப்பட்ட விதைக்குச்சியும் அதைப் பரப்புகின்றன. அதற்குத் தீர்வு எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள். அதிலும் நைஜீரியாவின் கை இருக்கிறது. தமிழ்நாட்டுக்கெனப் பரிந்துரைக்கப்பட்ட ஸ்ரீ பத்மநாபா ரகம், இபாதான் நிறுவனத்திலிருந்து திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த செடிதான்.

குளவி விட்ட பிறகும் என் வயலில் பூச்சி தெரிகிறதே?

தெரியும். மருந்து அடித்த மறுநாள்போல இதில் பலன் தெரியாது, சில மாதங்கள் பிடிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கணக்கெடுத்தபோது, வறண்ட புல்வெளிப் பகுதிகளில் ஹெக்டேருக்குச் சுமார் இரண்டரை டன் விளைச்சல் கூடியது. மழைக்காட்டுப் பகுதியில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. மிகப் பெரும்பாலான வயல்களில் பூச்சி அடங்கியது. அடங்காமல் நின்றவை சத்தற்ற மணல் நிலங்கள், மூடாக்குப் போடாதவை. செடி பசியோடு நின்றால் அதை உறிஞ்சும் மாவுப்பூச்சியும் சிறுத்துப்போகிறது. அதனுள் வளரும் குளவியும் நோஞ்சானாகிறது. தொழு உரமும் மூடாக்கும் குளவிக்கும் சேர்த்தே தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை சிலவே. பூச்சியில்லாத வயலிலிருந்து மட்டும் விதைக்குச்சி எடுங்கள். அயலூர்க் குச்சியை விசாரிக்காமல் வாங்காதீர்கள். ஆரம்பத்தில் ஓரிரு கொழுந்து சுருண்டிருந்தால் கிள்ளி எரித்துவிடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பேறி, உப்பி, விறைத்துப்போன மாவுப்பூச்சிகள் தெரிந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று பொருள். அந்த வயலுக்கு மருந்துத் தெளிப்பானை எடுத்துச் செல்லாதீர்கள். பூச்சி மட்டும் இருந்து இந்த அடையாளம் இல்லாவிட்டால், தெளிக்கும் முன் ஏத்தாப்பூர் நிலையத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள்.